மலபார்க் கரையில் நாம் காணாமல் கடந்துபோகும் பள்ளிவாசல்கள்

கோடை விடுமுறை தொடங்கியதும் நம் குடும்பங்களில் பல கேரளத்தை நோக்கிப் புறப்படுகின்றன. மூணாறின் தேயிலைத் தோட்டங்கள், ஆலப்புழையின் படகு வீடுகள், அதிரப்பள்ளி அருவி, கொச்சியின் சீன வலைகள் என்று பயணத் திட்டம் முடிந்துவிடுகிறது. எல்லாமே பார்க்கத்தக்கவைதாம். ஆயினும் கொச்சியிலிருந்து கடலோரமாக வடக்கே செல்லும் சாலையில் கொடுங்கல்லூர், பொன்னானி, சாலியம், கோழிக்கோடு என வரிசையாக அமைந்த ஊர்களை நாம் பெரும்பாலும் வாகனத்தின் சன்னல் வழியாகவே கடந்துவிடுகிறோம். இந்நாட்டில் இஸ்லாம் கடல் வழியாக வந்து வேரூன்றிய வரலாறு அவ்வூர்களில்தான் இருக்கிறது.

முதலில் கொடுங்கல்லூர். அங்குள்ள சேரமான் ஜும்ஆ பள்ளிவாசல் கி.பி. 629இல் எழுப்பப்பட்டது என்பது மரபு வழிச் செய்தி. சேரமான் பெருமாள் என்ற மன்னர் சந்திரன் பிளந்த அதிசயத்தை அறிந்து, அரபு நாடு சென்று இஸ்லாத்தை ஏற்றார் என்றும், திரும்பும் வழியில் இறந்த அவருடைய கடிதத்துடன் மாலிக் இப்னு தீனார் குழுவினர் வந்து பள்ளிவாசல்களை அமைத்தனர் என்றும் கூறுவர். இச்செய்தி ஆண்டுதோறும் நம் கைப்பேசிகளில் வலம் வருகிறது. பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக்கொடுக்கிறோம்.

இங்கே சற்று நிதானிக்க வேண்டும். இந்தக் கதையை எழுத்தில் பதிவு செய்தவர்களுள் முக்கியமானவர், 16ஆம் நூற்றாண்டில் பொன்னானியில் வாழ்ந்த இமாம் ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள். தம்முடைய 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலில், இலங்கையிலுள்ள ஆதம் மலையைத் தரிசிக்கச் சென்ற பயணிகள் கொடுங்கல்லூரில் இறங்கியதையும், மன்னர் அவர்களோடு சென்றதையும் அவர்கள் விவரிக்கிறார்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடவில்லை. இது எந்த ஆண்டில் நடந்தது என்பது உறுதியாகத் தெரியவில்லை என்றும், ஹிஜ்ரி 200க்குப் பிறகு நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றும், நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே நடந்ததாக மக்கள் பேசிக்கொள்வது சரியன்று என்றும் எழுதுகிறார்கள். மார்க்கப் பெருமைக்கு உதவும் கதையாக இருந்தும் ஓர் ஆலிம் அதை அளந்து பார்த்தே ஏற்றிருக்கிறார். நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த நாம் அந்த அளவுகோலைத் தொலைத்துவிட்டோம் என்றே தோன்றுகிறது.

இமாம் அவர்களின் கணிப்பு எவ்வளவு பொருத்தமானது என்பதற்குக் கொல்லத்திலிருந்து ஒரு சான்று கிடைக்கிறது. கி.பி. 849இல் வேணாட்டு ஆட்சியாளர் ஐயனடிகள், கொல்லத்திலிருந்த தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவ தேவாலயத்துக்கு நிலமும் உரிமைகளும் வழங்கிச் செப்பேடு வெளியிட்டார். வட்டெழுத்தில் அமைந்த அச்சாசனத்தின் இறுதியில் சாட்சிகள் தத்தம் எழுத்தில் கையொப்பமிட்டுள்ளனர். பஹ்லவி எழுத்தில் சிலர், ஹீப்ரு எழுத்தில் யூதர் சிலர், கூஃபி அரபு எழுத்தில் முஸ்லிம்கள் சிலர். மைமூன் இப்னு இப்ராஹீம் என்பது அப்பெயர்களுள் ஒன்று. அந்த ஆண்டு ஹிஜ்ரிக் கணக்கில் 235ஐ ஒட்டி வருகிறது. ஒரு தேவாலயத்துக்கான தானத்தில் முஸ்லிம் வணிகர்கள் சாட்சி நிற்கும் அளவுக்கு அப்போதே இக்கரையில் ஊன்றியிருந்தார்கள். 629 என்ற ஆண்டுக்கு இப்படியொரு ஆவணம் இல்லை, 849க்கு இருக்கிறது. நம் பிள்ளைகளிடம் எதை முதலில் சொல்லலாம்?

இதனால் கொடுங்கல்லூர்ப் பள்ளிவாசலின் மதிப்புக் குறைவதில்லை. பிற்காலத்தில் சேர்ந்த கான்கிரீட் பகுதிகளை நீக்கி, ஓடு வேய்ந்த பழைய தோற்றத்துக்கு அண்மையில் அதை மீட்டிருக்கிறார்கள். உள்ளே எரியும் பழைய விளக்குக்குப் பிற சமயத்தவரும் எண்ணெய் கொண்டுவந்து தருவது அங்கு வழக்கம்.

கோழிக்கோட்டுக்கு வருவோம். 1342 அளவில் தில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் தூதராகச் சீனாவுக்குப் புறப்பட்ட இப்னு பதூதா, இந்தத் துறைமுகத்தில் பதின்மூன்று சீனக் கப்பல்கள் நின்றதைக் கண்டார். ஜும்ஆ தொழுகைக்காக அவர் கரையில் தங்கிவிட, கடல் கொந்தளித்துப் பரிசுப் பொருள்கள் ஏற்றிய கப்பல் உடைந்துபோனது. மலபார்ச் சாலையைப் பற்றி அவர் எழுதியிருப்பது இன்னும் சுவையானது. அரை மைலுக்கு ஒரு மரச் சத்திரம், பக்கத்தில் கிணறு, தண்ணீர் தர ஓர் ஆள். தம்மவருக்குப் பாத்திரத்தில் தருபவர், முஸ்லிம் பயணிக்குக் கையில் ஊற்றுவார். இதைவிடப் பாதுகாப்பான சாலையைக் கண்டதில்லை என்றும் அவரே சொல்கிறார். விருந்தோம்பலும் தீட்டும் ஒரே கிணற்றடியில் இருந்தன. மலபாரின் நல்லிணக்கத்தைப் போற்றுவோர் இந்த இரண்டாவது பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

அந்நகரில் மித்கால் என்ற பெருஞ்செல்வர் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் பாரசீகத்துக்கும் கப்பல் விட்டதாக இப்னு பதூதா குறிப்பிடுகிறார். குற்றிச்சிறைக் குளக்கரையில் நிற்கும் மிஷ்கால் பள்ளிவாசல் அவர் பெயரால் வழங்குகிறது. குவிமாடம் இல்லை, மினாரா இல்லை. அடுக்கடுக்காகச் சரிந்திறங்கும் ஓட்டுக் கூரைகளும் மரவேலைப்பாடும் கொண்ட நான்கு நிலைக் கட்டடம். முதன்முறை காண்பவர் அதைப் பள்ளிவாசல் என்று உடனே அறிந்துகொள்ள மாட்டார். பள்ளிவாசல் என்றால் பச்சைக் குவிமாடம் என்று பழகிப்போன நம் கண்களுக்கு அதுவே ஒரு பாடம்.

1510 ஜனவரியில் அல்புகர்க்கின் போர்த்துக்கீசியப் படை கோழிக்கோட்டைத் தாக்கியபோது இப்பள்ளிவாசலுக்குத் தீ வைத்தது. சாமூதிரி மன்னரின் நாயர் வீரர்கள் திருப்பித் தாக்கினர். படைத்தலைவர் கூட்டின்யோ கொல்லப்பட்டார், அல்புகர்க் காயத்துடன் தப்பினார். 1531இல் போர்த்துக்கீசியர் சாலியத்தில் கோட்டை கட்டினர். அதற்கான கற்களுக்காக அங்கிருந்த பழைய பள்ளிவாசலையும் கபுறுகளையும் இடித்தனர். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1571இல், சாமூதிரியின் படையும் முஸ்லிம் வீரர்களும் சேர்ந்து முற்றுகையிட்டு அக்கோட்டையைத் தரைமட்டமாக்கினர். அதன் மரங்கள் மிஷ்கால் பள்ளியைப் புதுப்பிக்க வழங்கப்பட்டன என்பது கோழிக்கோட்டு மரபு. தீயின் தழும்பு மேல்நிலையில் இன்றும் காட்டப்படுகிறது. இவ்வெற்றியைக் காழி முஹம்மது 'ஃபத்ஹுல் முபீன்' என்ற அரபுக் காவியமாகப் பாடினார். ஓர் இந்து மன்னரை ஒரு காழி அரபு மொழியில் புகழ்ந்து பாடிய காவியம் அது.

அதே சாமூதிரி வம்சம்தான் பின்னர் போர்த்துக்கீசியருடன் கைகோத்து நான்காம் குஞ்ஞாலி மரைக்காயரின் கோட்டையை முற்றுகையிட்டது. மன்னரிடம் சரணடைந்த குஞ்ஞாலி, போர்த்துக்கீசியரிடம் ஒப்படைக்கப்பட்டு 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார். 1571ஐச் சொல்பவர் 1600ஐயும் சொல்லியாக வேண்டும்.

இறுதியாகப் பொன்னானி. இவ்வூர் நமக்கு அயலூர் அன்று. மக்தூம் குடும்பத்தார் தம் பெயருடன் 'அல் மஃபரி' என்று சேர்த்துக்கொண்டனர். மஃபர் என்பது அரபு மாலுமிகள் நம் சோழ, பாண்டியக் கடற்கரைக்கு இட்ட பெயர். இங்கிருந்து கொச்சி சென்று, பிறகு பொன்னானியில் நிலைத்தவர்கள் அவர்கள். முதலாம் ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அங்கே பெரிய ஜும்ஆ பள்ளியை நிறுவினார்கள். பள்ளியின் உள்ளே விளக்கைச் சுற்றி அமர்ந்து மாணவர்கள் ஓதினர். அந்த விளக்கடியில் அமரும் தகுதி பெறுவதே பட்டமாகக் கருதப்பட்டது.

அவர்களுடைய பேரர்தான் நாம் மேலே கண்ட வரலாற்றாசிரியர். ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூலாகிய 'ஃபத்ஹுல் முஈன்' அவர்கள் எழுதியதே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மக்காவிலேயே அதற்கு 'இஆனத்துத் தாலிபீன்' என்ற விரிவுரை எழுதப்பட்டது. நம் கடற்கரை ஊர்களின் மதரஸாக்களில் அதை ஓதிய ஆலிம்கள் நம் வீடுகளிலேயே இருக்கக்கூடும். அதன் ஆசிரியர் எந்த ஊர்க்காரர் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கோவையிலிருந்து கோழிக்கோடு செல்லும் ரயிலில் குற்றிப்புறத்தில் இறங்கினால் பொன்னானி அருகில்தான். இவை யாவும் தொழுகை நடக்கும் பள்ளிகள் என்பதால், பார்வையாளருக்கான நேரத்தையும் பெண்களுக்கான ஏற்பாட்டையும் முன்னதாகவே கேட்டறிந்து செல்வது நல்லது. மூணாறில் ஒரு நாளைக் குறைத்தால் போதும்.