கடலோரப் பச்சைய அளவீடும் நச்சுப் பாசிப்பெருக்கமும்

கடலோரப் பச்சைய அளவீடு என்பது கரையோர நீரிலுள்ள நுண்பாசிகளின் அளவை, அவற்றின் பச்சையம்-ஏ என்னும் நிறமியைக் கொண்டு மதிப்பிடும் முறையாகும். தீங்கு தரும் பாசிப்பெருக்கங்களை ஆராய இது பயன்படுகிறது. அமெரிக்காவின் மேற்குப் புளோரிடாவில் தோன்றும் செந்நிறக் கடற்பெருக்கம் இம்முறையின் பயனையும் வரம்பையும் ஒருங்கே காட்டுகிறது.

பின்னணி

1946–47இல் புளோரிடாவின் மேற்குக் கரையில் பெருமளவில் மீன்கள் செத்து ஒதுங்கின. கரையில் இருந்தவர்களுக்குக் கண்ணெரிச்சலும் இருமலும் ஏற்பட்டன. இதற்குக் காரணமான ஒற்றைச்செல் உயிரியை 1948இல் சார்லசு டேவிசு விவரித்தார். இன்று அது கரேனியா பிரெவிசு எனப்படுகிறது. அதன் நஞ்சு மீன்களின் நரம்பு மண்டலத்தைத் தாக்குகிறது. சிப்பிகளில் சேர்ந்து, அவற்றை உண்போரையும் பாதிக்கிறது. அதைக் கண்டறிய, நீரை எடுத்து வந்து நுண்ணோக்கியில் செல்களை எண்ண வேண்டியிருந்தது.

ஆய்வக முறைகள்

1934இல் இங்கிலாந்தின் பிளைமவுத்தில் ஆர்வி என்பவர், வடிகட்டிய நுண்பாசிகளின் நிறமிச் சாற்றை நிறக் கரைசல்களுடன் ஒப்பிட்டு அளந்தார். 1952இல் ரிச்சர்ட்சும் தாம்சனும் நிறமாலை ஒளிமானி கொண்டு அளக்கும் முறையை வெளியிட்டனர். நீல ஒளி பட்டால் பச்சையம் சிவப்பாக ஒளிரும். இப்பண்பைப் பயன்படுத்தி 1963இல் யென்ச்சும் மென்சலும் குறைந்த நீரிலேயே அளக்க வழி கண்டனர். 1966இல் லோரன்சன், சாறு எடுக்காமல், உயிருள்ள பாசிகளின் ஒளிர்வைத் தொடர்ச்சியாக அளக்கும் முறையை வெளியிட்டார். இதனால் கப்பல் செல்லும் வழியெங்கும் அளக்க முடிந்தது.

செயற்கைக்கோள் காலம்

பச்சையம் நீல ஒளியை மிகுதியாக உறிஞ்சுகிறது. எனவே பாசி பெருகிய நீரிலிருந்து மீளும் ஒளியில் பச்சையுடன் ஒப்பிட நீலம் குறைகிறது. இந்த விகிதத்தை அளக்கும் முதல் கடல்நிறக் கருவி 1978 அக்டோபரில் நிம்பசு-7 செயற்கைக்கோளில் சென்றது. சிறீகரிகோட்டாவிலிருந்து 1999 மே 26 அன்று ஏவப்பட்ட இந்தியாவின் ஓசன்சாட்-1 இத்தகைய கருவியைக் கொண்டிருந்தது.

புளோரிடா ஆய்வாளர்கள் முந்தைய இரு மாதச் சராசரியை அன்றைய அளவிலிருந்து கழித்தனர். லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் பச்சையம் கூடிய இடங்களைச் சந்தேகத்துக்குரியவையாகக் குறித்தனர்.

வரம்புகள்

பச்சையம் எல்லா நுண்பாசிகளிலும் உள்ளது. எனவே அதன் அளவு நச்சுப் பாசியைத் தனித்துக் காட்டாது. ஆறுகள் கொண்டுவரும் கரைந்த கரிமப் பொருள்களும் நீல ஒளியை உறிஞ்சுவதால் கணக்கு பிழைபடலாம். மேலும், கரேனியாவில் 1 மைக்ரோகிராம் பச்சையம் என்பது ஏறத்தாழ ஒரு லட்சம் செல்களுக்குச் சமம். ஆனால் லிட்டருக்கு 5,000 செல்களைத் தாண்டினாலே புளோரிடாவில் சிப்பி எடுப்பு நிறுத்தப்படுகிறது. அதாவது, வானிலிருந்து பெருக்கம் தெரியும் முன்பே சிப்பி உண்ணத் தகாததாகியிருக்கலாம்.

ஆகவே செயற்கைக்கோள் அளவீடு எங்கே நீர் எடுக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. சிப்பியை உண்ணலாமா என்பதை இன்றும் செல் எண்ணிக்கையும் நஞ்சுச் சோதனையுமே முடிவு செய்கின்றன.