மூளைக்குள் ஒரு சுவிட்ச்

போன வாரம் இங்கே நியூஜெர்சியில் நள்ளிரவு. மறையூரிலிருந்து சித்தி போன். தம்பிக்கு ஓ.சி.டி. முற்றி, கை கழுவுவதிலேயே பாதி நாள் போகிறதாம். "மூளையில கரண்ட் வைக்கலாங்கறாங்களே, வேணாம்னு சொல்லிரவா?"

இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. 1960களிலேயே சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர்கள் ராமமூர்த்தி, பாலசுப்பிரமணியம், கனகா குழுவினர் கட்டுக்கடங்காத ஆவேசம் உள்ளவர்களுக்கு, மண்டையில் துளையிட்டு மூளையின் ஒரு சிறு புள்ளியை அழித்தார்கள். அழித்தது அழித்ததுதான்.

1987ல் பிரான்சில் பெனாபிட், கை நடுக்கத்துக்கு அழிக்காமல் மின்சாரத்தால் தூண்டினாலே போதும் என்று காட்டினார். வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். 1999ல் பெல்ஜியத்தில் நட்டின் குழு அதையே கடுமையான ஓ.சி.டி.க்குச் செய்து பார்த்தது. 2009ல் அமெரிக்கா, வேறெதற்கும் அடங்காத நோய்க்கு மட்டும் அனுமதித்தது. 2018ல் தலைக்கு வெளியிலிருந்தே காந்தத்தால் தூண்டும் முறைக்கும் அனுமதி கிடைத்தது. இதற்குக் கத்தியே வேண்டாம்.

"காந்தமா, ஆபரேஷனான்னு டாக்டர்கிட்ட மொதல்ல கேளுங்க சித்தி. மாத்திரையும் மனப் பயிற்சியும் முழுசாப் பாத்தாச்சான்னும் கேளுங்க. மனநோய்க்கு மூளை ஆபரேஷன்னா, 2017 சட்டப்படி தம்பியே சம்மதிக்கணும், வாரியமும் ஒத்துக்கணும்."

சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அவன்கிட்ட நாங்க யாருமே இன்னும் கேக்கலையே..."