நகரத்தை மாற்றுமுன் யாரைக் கேட்டார்கள்?

நகரத்தைப் புதுப்பிப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் 1915இலேயே வந்துவிட்டது. (முஸ்லிம்களின் கடைகள் எரிந்த அதே ஆண்டு.)

1921இல் கொழும்புக்கு நகரத் திட்ட அறிக்கை எழுதியவர் ஸ்கொட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ். அதற்கு முன் தஞ்சாவூர் போன்ற ஊர்களைத் தெருத்தெருவாக நடந்து பார்த்தவர். நெருக்கமான இடமென்றால் மொத்தமாக இடித்து நேர்வீதி போடுவதே அக்கால வழக்கம். கெடிஸ் அதை ஏற்கவில்லை. முதலில் அங்கே வாழ்பவர்களைப் பாருங்கள், பாழடைந்ததை மட்டும் அகற்றுங்கள், கிணற்றடியையும் மரத்தடியையும் வழிபாட்டிடத்தையும் விட்டு வையுங்கள் என்பதே அவர் வழி.

2010 மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் குடியிருந்தவர்களை வெளியேற்றி வீடுகளை இடித்தார்கள். கெடிஸின் அறிக்கைக்கு அப்போது 89 வயது.

இப்போது நம்மூர்ச் சந்தையின் முறை. வரைபடத்தில் புதிய கடைத்தொகுதி அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. நடைபாதையில் மீன் விற்பவர்களும், காலையில் இடியப்பம் கொண்டுவரும் உம்மாமாரும் அதில் எங்கே என்றுதான் நமக்கு விளங்கவில்லை. கடைக்காரர்களை மட்டும் கூப்பிட்டுப் பேசியதாகச் சொல்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த உம்மாமாரையும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறோம்.