வள்ளத்தின் பின்புறம் ஏறிய பளு

கொச்சித் துறைமுகத்துக்கு எதிரே காயல் நடுவிலுள்ள வல்லார்பாடத் தீவுக்கு, 2004-ஆம் ஆண்டில் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்படும்வரை, படகன்றி வேறு வழியில்லை. அங்குள்ள மாதா கோயிலைச் சார்ந்து வழங்கும் கதையும் 1752-இல் புயலிற் கவிழ்ந்த படகு ஒன்றைப் பற்றியதே. படகின் நிலைப்பாடு இக்கரையார்க்கு உயிரை ஒட்டிய காரியம். அதனைப் பொறி எவ்வாறு குலைத்தது, பின்னர் எவ்வாறு சீர்செய்தனர் என்பதைக் காண்போம்.

படகின் பின்புறத்தில் தொங்கவிடும் அவுட்போர்டு மோட்டாரை 1909-இல் விற்பனைக்குக் கொணர்ந்து பெயர்பெற்றவர், நார்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஓலே எவின்ரூட். கேரளக் கரையில் இயந்திரப் படகைப் பரப்ப வந்தவர்களும் நார்வே நாட்டாரே. இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் 1952 அக்டோபரில் செய்த உடன்படிக்கையின்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் வேலை தொடங்கிற்று. உள்ளூர் வள்ளத்திலேயே எஞ்சின் வைக்கும் முயற்சி கைகூடவில்லை. தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த வள்ளம் துடுப்புக்கும் பாய்க்கும் அமைந்தது; பொறியின் அதிர்ச்சிக்கு அன்று. ஆகவே புது வடிவப் படகுகளைக் கட்டலாயினர்.

1980-களில் மீனவர் தாமே அவுட்போர்டு மோட்டார் வாங்கிப் பழைய வள்ளத்தில் மாட்டினர். முதலில் 7, 8 குதிரைத்திறன் போதுமாயிருந்தது. விசைப்படகுகளின் போட்டியும், பெரிய வளையவலையின் வரவும் சேர்ந்து அதனை 25, 40 என உயர்த்தின. இங்கேதான் இடர் முளைத்தது. வள்ளம் இருபுறமும் கூரியது. குறுகிய பின்முனைக்குப் பளுவைத் தாங்கும் மிதப்பு இல்லை. பின்புறம் அமிழ, அணியம் மேலெழுந்து காற்றில் அலைக்கழியும். விசையைத் திடீரெனக் குறைத்தால், பின்தொடரும் அலை உள்ளே புகும். பக்கவாட்டுச் சட்டத்தில் மாட்டினாலோ, வள்ளம் ஒருக்களித்துச் சாயும். வலப்புறப் பொறி அணியத்தை இடப்புறம் தள்ளும்.

முன்பின் சமநிலையைக் குறிக்கும் 'ட்ரிம்' என்னும் சொல்லை மொழிபெயர்க்கப் புகுந்த நாம் ஒருமுறை இடர்ப்பட்டதுண்டு. அகராதி தந்தது மயிர் கத்தரித்தலையே! பொருளை விளக்க நம் சந்தை வெள்ளிக்கோலே போதும். நடுவிலிருந்து 4 மீட்டர் பின்னே தொங்கும் 40 கிலோவை, 2 மீட்டர் முன்னே வைத்த 80 கிலோ ஈடுசெய்யும். ஆனால் புதிதாகக் கல்லேற்றுவது மடமை. வள்ளம் மேலும் தாழும். எண்ணெய்க்கலம், வலை, ஐஸ்பெட்டி ஆகியவற்றையும், வேண்டுமாயின் ஆட்களையும் முன்னே நகர்த்துவதே முறை. பொறியின் சாய்வையும் திருத்தவேண்டும்; விசிறி மேலெழுந்து காற்றை உறிஞ்சினால், எத்தனை குதிரைத்திறன் இருந்தும் பயனில்லை.

நிலையான தீர்வு வள்ளத்தின் உருவை மாற்றுவதாயிற்று. நம் குமரி மாவட்டத்து முட்டத்தில் 1980-களில் ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டலாயினர். அகன்று தட்டையான பின்பலகை பொறியைத் தாங்கிற்று. வல்லார்பாடத்துக்கு அப்பால் வைப்பீனின் காளமுக்குத் துறையில் ஒதுங்கும் பெரிய வளையவலை வள்ளங்கள் பலவற்றில் இன்று டீசல் எஞ்சின், தொங்குவதை விட்டு, உடலின் அடித்தளத்திலேயே அமர்ந்திருக்கிறது. நீண்டகரையார் 1950-களில் வந்தடைந்த இடமும் அதுவே.