தங்கவயலைத் தாழ்ந்து நின்று காணல்

உயர்ந்த ஒரு பொருளை எங்கே நின்று பார்ப்பது என்பது பழைய கேள்வி. கோயிலுக்குச் செல்வோர் கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து நோக்குவர். அப்போதுதான் அதன் உயரம் உள்ளத்தில் படிகிறது. படம் எடுப்போர் அந்த உணர்ச்சியைப் படத்தில் கொணர விரும்பினால், காமிராவைத் தரைக்கு அருகே தாழ்த்தி மேல்நோக்கிப் பிடிக்கின்றனர். இதனைத் தாழ்கோணப் படம் என்கிறோம். இவ்வகைப் படத்திற்கு ஆடி பொருத்திய காமிரா ஏற்றதா, ஆடியற்ற காமிரா ஏற்றதா என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். கடைக்காரர் முன்னையதை டி.எஸ்.எல்.ஆர். என்றும், பின்னையதை மிர்ரர்லெஸ் என்றும் கூறுவர்.

இந்த ஆராய்ச்சிக்கு நாம் தேர்ந்துகொண்ட இடம் கோலார் தங்கவயல். அதற்குக் காரணம் உண்டு. அங்கே நிமிர்ந்து நிற்பவை மிக உயர்ந்தவை. பணிந்து நிற்பவை மிகத் தாழ்ந்தவை. சுரங்கக் குழிகளின் வாயிலில் எழுப்பிய இரும்புக் கோபுரங்களும், பொன்னை அரித்தெடுத்தபின் கொட்டிய மண் குவிந்து உண்டான சயனைடு மேடுகளும் ஒரு புறம். தொழிலாளர் வாழ்ந்த லைன் வீடுகள் மறுபுறம். இவ்விரண்டையும் ஒரே உயரத்தில் நின்று பார்த்தால் இரண்டையும் சரியாகப் பார்த்ததாகாது.

தங்கவயலின் வரலாறு நேயர்களிற் பலர் அறிந்ததே. 1875-ஆம் ஆண்டில் லாவெல் என்பவர் மைசூர் அரசினரிடம் சுரங்கம் தோண்ட உரிமை பெற்றார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தனர். 1902-இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்தது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ் மக்கள் உரிகத்திலும் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அவை மூடப்பட்டன.

இனிக் காமிராவின் வரலாற்றைக் காண்போம். பழைய ஸ்டூடியோக் காமிராவில் துருத்தி ஒன்று உண்டு. அதன் பின்புறத்து மங்கிய கண்ணாடியில் உருவம் தலைகீழாக விழும். படமெடுப்பவர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து அதனைப் பார்ப்பார். முக்காலியின் மேல் நிற்கும் அக்கருவியைத் தரையில் வைப்பது எளிதன்று. இக்குறையைத் தீர்க்கும் வழியை 1861-ஆம் ஆண்டிலேயே தாமஸ் சட்டன் என்ற ஆங்கிலேயர் கண்டார். லென்ஸின் பின்னே சாய்வாக ஓர் ஆடியை வைத்தால், உருவம் மேல்நோக்கித் திரும்பி, மேலே உள்ள கண்ணாடியில் விழும். படம் எடுக்கும் நொடியில் ஆடியை விலக்கிவிடலாம். அவர் உரிமை பெற்ற இக்கருத்தே ஆடிக் காமிராக்களுக்கெல்லாம் மூலம்.

1929-இல் ஜெர்மனியில் ரோலைஃப்ளெக்ஸ் என்னும் இரட்டை லென்ஸ் காமிரா வந்தது. மேல் லென்ஸ் பார்ப்பதற்கு. கீழ் லென்ஸ் படம் பிடிப்பதற்கு. 1936-இல் டிரெஸ்டன் நகரிலிருந்து 35 மில்லிமீட்டர் சுருளுக்குரிய எக்ஸாக்டா வந்தது. இவ்விரண்டையும் படமெடுப்பவர் இடுப்பளவில் பிடித்து, குனிந்து மேலிருந்து நோக்குவார். உருவம் இடம் வலமாக மாறித் தெரியும் என்ற ஒரு தொல்லை இருந்தது. ஆயினும் காமிராவை முழங்கால் அளவுக்கோ தரைக்கோ தாழ்த்துவது அன்று இயல்பான செயலாக இருந்தது. கண் ஓரிடத்தில் இருக்க, கருவி வேறிடத்தில் இருக்க இயன்றது என்பதை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

1949-இல் அதே டிரெஸ்டன் நகரில் காண்டாக்ஸ் எஸ் என்னும் காமிரா வெளிவந்தது. ஆடியின் மேல் ஐந்துமுகப் பட்டகம் ஒன்றை அதில் பொருத்தினர். உருவம் நேராகத் தெரிந்தது. இடம் இடமாகவும் வலம் வலமாகவும் நின்றது. இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இதனால் காமிரா இடுப்பிலிருந்து முகத்திற்கு ஏறிவிட்டது. கண்ணைக் கருவியின் முதுகில் ஒட்டி வைத்தால்தான் காணலாம் என்ற நிலை வந்தது. ஆகவே தரையிலிருந்து படம் எடுக்க விரும்புவோர் தாமும் தரையிற் படுக்க நேர்ந்தது. 1959-இல் ஜப்பானில் வந்த நிக்கான் எஃப் காமிராவில் பட்டகத்தைக் கழற்றி, மேலிருந்து பார்க்கும் பழைய அமைப்பை மாட்டிக்கொள்ள வசதி செய்திருந்தனர். தாழ்ந்து காணும் தேவை மறைந்துவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று.

இவ்விடத்தில் தங்கவயலுக்கே உரிய ஒரு செய்தியைச் சொல்லாமல் செல்வது தகாது. 1965-ஆம் ஆண்டில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக அறிஞர்களும் கூடி ஓர் ஆய்வு நடத்தினர். எம்.ஜி.கே. மேனனும் பி.வி. ஸ்ரீகண்டனும் அக்குழுவில் இருந்தனர். வான்வெளியில் தோன்றும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் அடையாளத்தைக் காண்பதே அவர்கள் நோக்கம். தலைக்கு மேலிருந்து செங்குத்தாக இறங்கும் வேறு துகள்கள் பார்வையைக் குழப்பும். ஆதலால் கிடைமட்டத்தை ஒட்டிய தாழ்ந்த கோணத்தில் வரும் தடங்களைப் பிடிக்குமாறு கருவியை அமைத்தனர். இருளில் ஒளிர்ந்த நியான் குழாய்களின் வரிசை படச்சுருளில் பதிந்தது. நியூட்ரினோவின் விளைவு அவ்வாண்டில் அங்கும் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் புலனாயிற்று. எந்தக் கோணத்தில் நோக்குகிறோம் என்பது எதைக் காண்கிறோம் என்பதை முடிவு செய்யும் என்ற உண்மைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மீண்டும் காமிராவுக்கு வருவோம். 1999-இல் நிக்கான் டி1 வெளிவந்த பின், படச்சுருள் இருந்த இடத்தில் சென்சார் என்னும் ஒளியுணர் தகடு நிலைபெற்றது. ஆடியும் பட்டகமும் அப்படியே இருந்தன. 2006-இல் ஒலிம்பஸ் இ-330 காமிரா, பின்புறத் திரையிலேயே காட்சியைக் காணவும், அத்திரையைச் சாய்க்கவும் வகை செய்தது. 2008-இல் பானசோனிக் ஜி1 வந்தது. அதில் ஆடியே இல்லை. லென்ஸ் வழி வரும் ஒளி எப்போதும் நேரே சென்சாரில் விழுகிறது. அது காண்பதை நாம் திரையிலோ சிறு மின்சாளரத்திலோ பார்க்கிறோம். 2018-இல் நிக்கானும் கேனனும் தம் பெரிய காமிராக்களிலும் இவ்வழியை மேற்கொண்டன. இடுப்பிலிருந்து முகத்திற்கு ஏறிய காமிரா, ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கீழே இறங்கியது எனலாம்.

இரண்டையும் ஒப்பிட, ஒரே கம்பெனியார் அடுத்தடுத்த ஆண்டுகளில் வெளியிட்ட இரண்டு காமிராக்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று 2017-இல் வந்த ஆடியுள்ள நிக்கான் டி850. மற்றொன்று 2018-இல் வந்த ஆடியற்ற நிக்கான் இசட் 7. இரண்டும் 4 கோடியே 57 இலட்சம் புள்ளிகள் கொண்ட படம் தருவன. இரண்டிலும் திரை சாயும். ஆகவே வேற்றுமை ஆடியினால் வருவதே.

சுரங்கக் கோபுரம் ஒன்றின் எதிரே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் காமிராவை வைப்பதாகக் கொள்வோம். டி850-இல் திரையைப் பார்த்துப் படமெடுக்க வேண்டுமாயின் ஆடியை உயர்த்தி நிறுத்த வேண்டும். அப்போது அதன் விரைவான குவிப்பு அமைப்பு வேலை செய்யாது. சற்று மெதுவான முறையே எஞ்சும். கண்துளை வழியே பார்த்தால் குவிப்பு விரைவானது; ஆனால் நாம் மண்ணில் படுக்க வேண்டும். அன்றியும் அதன் 153 குவிப்புப் புள்ளிகளும் நடுப்பகுதியிலேயே நெருங்கியுள்ளன. தாழ்கோணப் படத்தில் முக்கியமான பொருள் பெரும்பாலும் ஓரத்தில் நிற்கும்: முன்னே கிடக்கும் தண்டவாளத் துண்டு, மேலே தெரியும் சக்கரம். இசட் 7-இல் 493 புள்ளிகள் படத்தின் பெரும்பகுதியில் பரவியுள்ளன. திரையில் பார்க்கும்போதும் அதே விரைவு கிடைக்கிறது. மட்டக்கோடும் வெளிச்ச அளவும் முன்கூட்டியே தெரிகின்றன. ஆடி எழும்பி விழும் அதிர்ச்சியும் இல்லை. எடையிலும் டி850 பாட்டரியுடன் ஏறத்தாழ 1,005 கிராம். இசட் 7 ஏறத்தாழ 675 கிராம்.

எனினும் ஆடிக்கும் சாதகமான வாதங்கள் உண்டு. நண்பகலில் சயனைடு மேட்டின் வெளிறிய மண் வெயிலைத் திருப்பி வீசும்போது சாய்ந்த திரை கண்ணுக்குப் புலப்படுவது அரிது. பட்டகத்தின் வழியே காணும் காட்சியோ தெளிவாக நிற்கும். பாட்டரிக் கணக்கில், ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கத்து அளவைப்படி, டி850 ஒரு முறை மின்னேற்றினால் 1,840 படங்கள் தரும். இசட் 7 தருவது 330. மூன்றாவது தூசி. தங்கவயலின் மேட்டு மண் மாவு போன்றது. காற்றில் எளிதிற் பறப்பது. ஆடிக் காமிராவில் லென்ஸை மாற்றும்போது சென்சாரின் முன்னே ஆடியும் ஷட்டரும் காவலாக நிற்கின்றன. ஆடியற்றவற்றுட் பலவற்றில் அது திறந்தே கிடக்கும். கேனன் ஆர் போன்ற சிலவற்றில் மட்டும் மின்சாரத்தை நிறுத்தியவுடன் ஷட்டர் மூடிக்கொள்ளும். ஆதலால் எந்தக் கருவியாயினும் மேட்டின் அருகே லென்ஸ் மாற்றாதிருத்தலே அறிவுடைமை.

இவற்றை நிறுத்துப் பார்த்தால், தாழ்கோணப் படத்திற்கு ஆடியற்ற காமிராவே ஏற்றது என்று முடிவு செய்யலாம். ஆடிக் காமிரா கையில் உள்ளவர் அதற்காக வருந்தவும் வேண்டாம். செங்கோணக் கண்துளை ஒன்றை மாட்டிக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்க்கலாம். அசையாத கோபுரத்திற்கு விரைவான குவிப்பு எதற்கு? திரையில் பார்த்து நிதானமாக எடுக்கலாம். புதுக் காமிரா வாங்கும் வசதி இல்லாதவர்க்கும் வழி உண்டு. நம் கைப்பேசியிலும் ஆடி இல்லை. அதன் லென்ஸ் மேல் மூலையில் இருப்பதால், கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையைத் தொடுமளவு தாழும்.

இனி, இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்கலாம். சுரங்கம் இயங்கிய காலம் பெரும்பாலும் படச்சுருளின் காலம். சுருள் விலை மிக்கது. தொழிலாளர் குடும்பத்தில் படம் என்பது திருமணத்திற்கோ ஸ்டூடியோவிற்கோ உரியது. லைன் வீட்டின் வாசலையும், சமைக்கும் மூலையையும், பணி முடிந்து வருவோர் அமரும் திண்ணையையும் யார் படம் எடுத்தனர்? காமிரா மலிந்து எல்லார் கைக்கும் வந்தபோது சுரங்கம் மூடியிருந்தது. இளைஞர் பலர் அதிகாலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லத் தொடங்கினர். வேறு பலர் ஊரையே விட்டு அகன்றனர்.

எஞ்சியவையும் நிலைத்திரா. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், 13 மண்மேடுகளை மீண்டும் அரித்துப் பொன் எடுக்கும் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. பிழைப்பு வருமாயின் அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் நம் பாட்டனார் காலத்துச் சுமையெல்லாம் சேர்ந்து மலையாக நின்ற காட்சி அதன்பின் இராது.

ஆதலின் பம்பாயிலோ தில்லியிலோ கல்கத்தாவிலோ வாழும் தமிழ் நண்பர்கள், தம் உறவினரைக் காணத் தங்கவயலுக்குச் செல்லும்போது, கையில் உள்ள கருவி எதுவாயினும் அதனைச் சிறிது தாழ்த்திப் பிடிக்க வேண்டுகிறோம். கோபுரத்தை அதன் அடியிலிருந்து எடுங்கள். காமிராவை அண்ணாத்தினால் அதன் கால்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். மட்டமாகப் பிடித்தால் நேரே நிற்கும். லைன் வீட்டை நின்றபடி எடுத்தால் கூரையே மிகுதியாகத் தெரியும். வாசலில் அமர்ந்த குழந்தையின் கண்ணளவிற்கு இறங்கினால் அதுவே நிமிர்ந்த வீடாகும். திண்ணையில் அமர்ந்த முதியவரை அவருக்கு எதிரே தரையில் அமர்ந்து எடுங்கள். முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் பெயரையும், எந்தச் சுரங்கத்தில் எத்தனை ஆண்டு உழைத்தார் என்பதையும் எழுதி வையுங்கள். மூடிய சுரங்க எல்லைக்குள் உத்தரவின்றி நுழைய வேண்டாம்.

800 டன்னுக்கும் மேற்பட்ட பொன் அந்த மண்ணிலிருந்து வெளியே சென்றது. அதனைத் தோண்டியவர்கள் மண்ணுக்கடியில் குனிந்தே வேலை செய்தவர்கள். அவர்களையும் அவர்கள் வாழ்ந்த இடத்தையும் காணும்போது நாம் சிறிது குனிவது முறையே. ஆடியற்ற காமிரா அந்தக் குனிவை எளிதாக்கித் தருகிறது. குனிய வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் இருந்து வர வேண்டும்.