தலை ஒடிந்த போல்ட்

கார் எஞ்சினின் பக்கவாட்டில், புகையை வெளியேற்றும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை இறுக்கிப் பிடித்திருக்கும் வரிசையில் கடைசி போல்ட் இது. எம்8 அளவு. தலையில் 8.8 என்று பொறித்திருக்கும். சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுத்தால்தான் அறும் என்கிறது முதல் எட்டு. அதில் 80 விழுக்காடு, அதாவது 640 வரை இழுத்துவிட்டாலும் பழைய நீளத்துக்கே திரும்பும் என்கிறது அடுத்த எட்டு.

கம்பிச் சுருளிலிருந்து துண்டாகி, சூடேற்றாமலே அச்சில் அடிபட்டுத் தலை பெற்றது. மரையை வெட்டவில்லை, உருட்டிப் பதித்தார்கள். பிறகு உலையில் பழுக்கக் காய்ச்சித் திடீரெனக் குளிர்வித்து, மறுபடி மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்தினார்கள்.

போய்ச் சேர்ந்த இடம் அலுமினிய சிலிண்டர் ஹெட். அலுமினியம் சூட்டில் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். எஞ்சின் ஓடி அணையும் ஒவ்வொரு முறையும் இரண்டும் உரசிக்கொள்கின்றன. நீளமான மேனிஃபோல்ட் விரியும்போது அதிகம் நகர்வது அதன் நுனிகள்தான். அதனால் கடைசி போல்ட்டுகளுக்கே பாடு அதிகம். ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும், எஃகு துருப்பிடிக்கும். அந்தப் பொடி மரை இடுக்கையெல்லாம் அடைத்துவிடும்.

பல வருடம் கழித்து கேஸ்கெட் மாற்ற ஒருவர் ஸ்பேனரைப் போட்டுத் திருப்புகிறார். தலை சுழல்கிறது, மரை அசையவில்லை. நடுவில் கழுத்து முறுகி ஒடிகிறது. இதைப் பார்த்து மட்டமான போல்ட் என்று சொல்வது அநியாயம். இழுவையைத் தாங்கப் பிறந்ததைத் துருவோடு சேர்த்து முறுக்கினால் அது என்ன செய்யும்?

இனி அவசரம்தான் பெரிய எதிரி. உள்ளே மாட்டிய துண்டின் நடுவில் துளையிட்டு, அதைக் கவ்விக் கழற்றும் ஈஸி-அவுட்டை அடித்துத் திருப்புவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். கெட்டியாகப் பிடித்திருக்கும் போல்ட்டில் அது ஆபத்து. ஈஸி-அவுட் மிகக் கடினமான எஃகு. உள்ளேயே ஒடிந்தால் சாதாரண டிரில் அதைத் தொடக்கூட முடியாது. மின்பொறியால் அரித்தெடுக்கும் இயந்திரம் உள்ள பட்டறையைத் தேட வேண்டியிருக்கும்.

துண்டு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தாலோ, மட்டத்துக்குச் சமமாக இருந்தாலோ, வெல்டிங்தான் என் தேர்வு. ஊடுருவும் எண்ணெயை முதல் நாளே விட்டு ஊறவைத்து, வெல்டிங்குக்கு முன் நன்றாகத் துடைத்தெடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் தீப்பிடிக்கும். பிறகு துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து, ஓட்டை வழியாகப் பற்றவைப்பார்கள். உருகிய எஃகு அலுமினியத்தோடு ஒட்டாது. சுடும் போல்ட் விரியப் பார்க்கிறது, சுற்றியுள்ள உலோகம் விடுவதில்லை. அந்த நெருக்கத்தில் நசுங்கி, ஆறும்போது முன்பைவிடச் சற்றுச் சுருங்குகிறது. துருவின் பிடி அங்கேதான் விடுகிறது. சிவப்பு மங்கியதும் நட்டில் ஸ்பேனரைப் போட்டு முன்னும் பின்னுமாக மெல்ல அசைக்க வேண்டும். பற்றவைப்பு விட்டுப்போனால் இன்னொரு நட். அந்த மறுசூடும் வேலை செய்யும்.

துண்டு வந்ததும் எம்8 டேப்பால் துளையைச் சுத்தம் செய்வார்கள். மரை போயிருந்தால் ஹெலிகாயில் சுருள் போடுவார்கள். புது போல்ட்டுக்குச் செம்புப் பசை தடவி, டார்க் ரெஞ்சில் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்குவார்கள். பழையது, பற்றவைத்த நட்டோடு பழைய இரும்புக் கடைக்குப் போய், அங்கிருந்து மின் உலைக்குப் போகும்.