இரைச்சல் போடாத ரேடியோ

வால்வு வைத்து நானே கட்டிய ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையர் முதல் நாளே 'ஊம்' என்று இரைந்தது. பாட்டு நின்ற பிறகும் அந்த 'ஊம்' நிற்கவில்லை. பழைய பொருளென்றால் பழைய சத்தம் இருக்கத்தானே செய்யும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு ஹெட்ஃபோனைத் தாத்தாவின் காதில் மாட்டினேன். ஜாசினுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர்.

"உங்க காலத்து ரேடியோ இப்படித்தானே தாத்தா பாடும்?"

ஒரு நிமிடம் கேட்டார். கழற்றி வைத்தார்.

"எங்க தோட்டத்து ரேடியோ எங்கடா இப்படி இரைஞ்சுச்சு? பேட்டரி தீரத் தீரக் குரல் சன்னமா போய்க்கிட்டே இருக்கும். அவ்ளோதான்."

நான் நம்பவில்லை. வயதானவர், மறந்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

பழுது பார்க்கும்போது முதலில் மின்சாரம் வரும் வழியைப் பார்க்க வேண்டும். சத்தத்தை முழுக்கக் குறைத்தேன், இரைச்சல் குறையவில்லை. அப்படியென்றால் அது பாட்டோடு சேர்ந்து உள்ளே வரவில்லை. கைப்பேசியில் அலைவெண் காட்டும் செயலியை வைத்துப் பார்த்தால் 50 ஹெர்ட்ஸ். நல்ல துப்பு. நம் வீட்டுக்கு வருவது 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரம். அதை நேர்மின்சாரமாக்கும் இடத்தில் கெபாசிட்டர் கெட்டிருந்தால் இரைச்சல் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸில், ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். 50 என்றால் மாறுமின்சாரம் எங்கோ நேராகக் கசிகிறது. சந்தேகம் ஹீட்டர் மேல் விழுந்தது. வால்வுக்குள் சிவப்பாகக் கனலுமே, அந்த இழை. அது சூடானால்தான் எலக்ட்ரான் கிளம்பும். என் ஈசிசி82 வால்வின் ஹீட்டருக்கு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மாறுமின்சாரமே போய்க்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் அணைத்து, கெபாசிட்டர்கள் வடியும்வரை காத்திருந்து (அவசரப்பட்டால் ஆளையே தூக்கி அடிக்கும் வோல்டேஜ் உள்ளே இருக்கிறது), ஹீட்டரின் இரண்டு ஒயர்களையும் 12 வோல்ட் பேட்டரியில் கொடுத்தேன்.

இரைச்சல் காணோம்.

பழுது சின்னதுதான். ஹீட்டர் ஒயர்களை நடுவில் தரையோடு இணைக்கும் இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர்களில் ஒன்றுக்கு ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. மறுபடி பற்றவைக்க ஐந்து நிமிடம் ஆனது. ஆனால் பேட்டரியில் ஓடியபோது கேட்ட அந்த அமைதி என்னை விடவில்லை. தாத்தா மறக்கவில்லை. அவர் கேட்ட ரேடியோவுக்குள் மாறுமின்சாரமே கிடையாது. இரைவதற்கு எதுவும் இல்லை.

இதைச் சொன்னதும் உள்ளே போய் ஒரு மைலோ டின்னோடு வந்தார். பொத்தான்கள், பழைய சாவி, நடுவில் ஒரு சுண்டுவிரல் அளவுக் கண்ணாடி வால்வு. எழுத்து பாதி அழிந்திருந்தாலும் படிக்க முடிந்தது: டிஎல்92. ஐரோப்பிய வால்வுப் பெயர்களில் முதல் எழுத்தே ஹீட்டருக்கு என்ன மின்சாரம் வேண்டுமென்று சொல்லிவிடும். 'ஈ' என்றால் 6.3 வோல்ட். 'டி' என்றால் 1.4 வோல்ட், அதாவது ஒற்றை உலர் பேட்டரி. இந்த வகை ரேடியோக்களுக்கு இழையைச் சூடாக்க ஒரு பேட்டரியும், ஒலியை உண்டாக்க 90 வோல்ட் பேட்டரியும் வேண்டும். ஒன்றரை வோல்ட் செல்கள் அறுபதை அடுக்கினால்தான் 90 வரும். அது கடைக்குப் போய் ஒரு தோட்டத் தொழிலாளி வாங்கிவரும் பொருள் இல்லை. அப்படியென்றால் யார் வாங்கினார்கள்?

மலாயா வானொலி 1946 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. அதே மாதம் அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனம் தடை செய்யப்பட்டது. அதன் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். லயங்களைச் சுற்றி முள்வேலி வந்தது. அந்த வேலிக்குள்தான் பொது ரேடியோவும் வந்தது. தோட்டங்கள், கம்பங்கள், புதுக்கிராமங்கள் என்று கூட்டமாக உட்கார்ந்து கேட்கப் பெட்டிகள் கொடுத்தார்கள். 1950-51இல் அவசரகாலத் தகவல் பிரிவின் தலைவராக இருந்தவர் ஹியூ கார்ல்டன் கிரீன். நாவலாசிரியர் கிரஹாம் கிரீனின் தம்பி. பின்னாளில் பிபிசியின் தலைமை இயக்குநர். சங்கத்தைப் பிடுங்கிக்கொண்டு ரேடியோவைக் கொடுத்தார்கள் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனாலும் அந்த வரிசையை என்னால் மாற்றிப் படிக்க முடியவில்லை.

பேரரசு இதை இங்கே மட்டும் செய்யவில்லை. 1949இல் வட ரோடீசியாவில் ஆப்பிரிக்கர்களுக்கென்று மலிவு ரேடியோ ஒன்றை விற்றார்கள். பார்க்க வட்டமான சமையல் சட்டி மாதிரி இருந்ததால் 'சாஸ்பேன் ஸ்பெஷல்' என்று பெயர். விலை 5 பவுண்டு. பேட்டரி 1 பவுண்டு 5 ஷில்லிங். ஏறக்குறைய 300 மணி நேரம் வரும். தயாரித்தது எவர் ரெடி, பேட்டரி கம்பெனி! ரேடியோவை ஒரு தடவைதான் விற்க முடியும், பேட்டரியை விற்றுக்கொண்டே இருக்கலாம்.

நம் வானொலி வரலாறு என்றால் அறிவிப்பாளர்கள் பெயரும் பாட்டுகளும்தான். பேட்டரி யார் கையில் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. தாத்தா நினைவில் ரேடியோ இருந்தது கிராணி வீட்டு வராந்தாவில். குமிழைத் தொடக் கூடாது. "செய்தி சொல்றப்ப விட்டு வைப்பாரு. பாட்டு வந்து ரெண்டு ஆகறதுக்குள்ள, பேட்டரி தீர்ந்துரும்னு டப்புனு அணைச்சிருவாரு." சனங்கள் செய்தி முழுவதையும் பொறுத்துக்கொண்டது அந்த இரண்டு பாட்டுக்காக. 1953 செப்டம்பர் 3 அன்று மலாக்காவின் ஒரு பகுதியை 'வெள்ளைப் பகுதி' என்று அறிவித்து, மலாயாவிலேயே முதலாவதாக அங்கே கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். கிராணி வீட்டுக் குமிழ் தளர்ந்த மாதிரி தெரியவில்லை.

அப்புறம் தோட்டத்தில் மின்சார எஞ்சின் வந்தது. சாயங்காலம் போட்டு இரவு பத்துக்கு அணைப்பார்கள். எந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தாலும் அதோடு சரி. அதை மாற்றியது டிரான்சிஸ்டர்தான். டார்ச் லைட் பேட்டரி நாலு போட்டால் போதும், பசாரில் கிடைக்கும். தாத்தா கல்யாணத்துக்கு முன்பே ஒன்று வாங்கிவிட்டார். முதல் ராத்திரி விடியும்வரை அணைக்கவே இல்லையாம். பெரட்டுக்குத் தாமதமாகப் போய் மண்டோரிடம் திட்டு வாங்கியதைச் சொல்லும்போது இன்றும் அவருக்குச் சிரிப்பு வருகிறது.

நேற்று அந்த டிஎல்92ஐ ஒரு சாதாரண ஏஏ பேட்டரியில் இணைத்துப் பார்த்தேன். இந்த வகையில் இழை கனல்வது கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. தாத்தா எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

"எரியுதாடா?"

"தெரியல தாத்தா."

மீட்டரைப் பார்த்தேன். 100 மில்லி ஆம்பியருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இழை அறுந்திருக்கவில்லை.